போர்க்கப்பலுக்குப் போன சேவுப் பெட்டி

என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் கேப்டன். அறுபத்தைந்தாம் வருசத்துச் சண்டையில் அவருடைய கப்பலை எதிரி நாட்டுப் போர்க்கப்பல் ஒன்று நடுக்கடலில் மடக்கிப் பிடித்தது. பிடித்தவர்கள் அவரை அந்தப் போர்க்கப்பலிலேயே ஐந்து மாதம் சிறை வைத்தார்கள். அங்கே இருந்தவருக்குத் தாயில்பட்டியிலிருந்து நான் ஒரு பெட்டி பலகாரம் அனுப்பினேன். அந்தப் பெட்டி பட்ட பாட்டை ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். எதிரிக் கப்பல் மூழ்கியே போனது என்று சொல்கிறவளும் இருக்கிறாள். அனுப்பியவள் நான். அதனால் நானே எழுதி வைப்பதுதான் முறை. படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்து மெதுவாகத்தான் வரும். வரட்டும், எனக்கு இப்போது என்ன அவசரம்.

அவர் பிறந்ததும் இதே ஊர்தான். கரிசல் காடு, பருத்தி, கம்பு என்று இருந்த குடும்பம். ஆற்றில் தண்ணீர் வருகிற வருசம்தான் நீச்சல் தெரியும் எங்கள் பிள்ளைகளுக்கு. அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருத்தர் கப்பலுக்குப் படிக்கப் போனார் என்றால் அது அவருடைய தகப்பனார் பிடிவாதம். பெண் பார்க்க வந்தபோது என் அப்பா, மாப்பிள்ளை தூத்துக்குடியில் தோணி ஓட்டுகிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். அவரும் திருத்தவில்லை. என்னிடம் மட்டும் ஒன்று கேட்டார். வருசத்தில் பத்து மாதம் நான் கடலில் இருப்பேன், தனியாக இருப்பாயா என்று. கம்பங்காட்டில் பரண் மேல் தனியாகக் காவல் இருந்தவள் நான், இது என்ன பெரிய காரியம் என்றேன். அவர் சிரித்தார். ஐம்பத்து நாலில் கல்யாணம் நடந்தது.

பத்து மாதம் என்றது மெய்தான். ஆனால் கடிதம் தவறாது. எனக்கு வாசிக்க வரவேண்டும் என்று ஒவ்வொரு எழுத்தையும் கொய்யாக்காய் அளவுக்குத் தனித்தனியாக எழுதுவார். ஒரு பக்கத்துக்குப் பத்து வரிக்கு மேல் இருக்காது. அதை நான் நாலு நாள் வைத்து வாசிப்பேன். வாசித்துத் தருகிறேன் என்று யார் வந்தாலும் கொடுக்க மாட்டேன். என் புருசன் எனக்கு எழுதியதை இன்னொருத்தி வாயால் எதற்குக் கேட்க வேண்டும்? ஒரு தடவை லீவில் வந்தவர், குதிர் இருந்த அறையின் சுவரில் சுண்ணாம்பால் கடல், கரை எல்லாம் வரைந்து வைத்தார். கடிதம் வந்ததும் அவர் சொல்லுகிற இடத்தில் குங்குமம் தொட்டு ஒரு பொட்டு வைப்பேன். கொழும்பு, ஏடன், பஸ்ரா என்று அந்தச் சுவரே மஞ்சள் குளித்த பொம்பிளை மாதிரி மங்களமாக இருக்கும்.

சண்டை வந்த புரட்டாசியில் ஒரு தந்தி வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. தந்தி என்றாலே தெருப் பொம்பிளைகள் அழுவதற்குத் தயாராகச் சேலைத் தலைப்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். என் கொழுந்தன், அவர் தம்பி, வாசித்துச் சொன்னார். கப்பலைப் பிடித்துவிட்டார்கள், சிப்பந்திகளைக் கரையில் ஒரு முகாமில் வைத்திருக்கிறார்கள், கேப்டனை மட்டும் பிடித்த போர்க்கப்பலிலேயே காவலில் வைத்திருக்கிறார்கள், உயிருக்கு ஒன்றும் இல்லை.

என் மாமியாருக்கு, நான் அத்தை என்று கூப்பிடுகிறவருக்கு, விளங்கவில்லை.

"தண்ணிக்குள்ள ஜெயிலா?" என்று கேட்டார்.

"தண்ணிக்கு மேல, ஆத்தா" என்றார் கொழுந்தன்.

"அப்பத் தப்பிச்சு வர முடியாதா?"

"எங்கிட்டு வர? சுத்திலும் கடலு."

அத்தை ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, இதற்கு விருதுநகர் ஜெயிலிலேயே வைத்திருக்கலாம், சோறாவது கொண்டு போய்க் கொடுப்போம் என்றார். வந்தவர்களுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நான் ரெண்டும் செய்யவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். அன்றைக்குச் சுவரில் பொட்டு வைக்க இடம் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான தொண்டுச் சங்கம் ஒன்று கைதிகளுடைய காகிதங்களை வாங்கி வந்து கொடுத்தது. கடிதம் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமாம், பிடித்து வைத்தவர்கள் படித்துப் பார்த்துத்தான் விடுவார்களாம். அவர் கையெழுத்துத்தான், ஆனால் எனக்குத் தெரியாத எழுத்து. கொழுந்தன் வாசித்தார். சௌக்கியமாக இருக்கிறேன். தனி அறை கொடுத்திருக்கிறார்கள். காலையும் மாலையும் மேல்தட்டில் நடக்க விடுகிறார்கள். நம் கப்பல் சமையல்காரரையும் என்னோடு வைத்திருக்கிறார்கள். சாப்பாடு நன்றாக இருக்கிறது. வீட்டிலிருந்து ஒரே ஒரு பார்சல் வாங்கிக்கொள்ள அனுமதி உண்டு.

சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றதை நான் நம்பவில்லை. உப்பில்லாத குழம்பை ஊற்றினாலும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டு எழுகிற மனுசர் அவர். வெளிச்சாப்பாடு வயிற்றுக்கும் சேராது. சுக்கு இல்லாமல் ஒரு வாரம் தாங்காது.

தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. எங்கள் பக்கம் தீபாவளிக்கு முந்தின மாதம் யாருக்கும் தலை சொறிய நேரம் இருக்காது. சீசன். பட்டாசு லோடு போய்க்கொண்டே இருக்கும். கொழுந்தனும் அப்போது காட்டோரமாக நாலு அறை கட்டிப் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தார். நான் அடுப்பில் உட்கார்ந்தேன். காரச்சேவு ரெண்டு படி மாவுக்குத் தேய்த்தேன். சேவுக் கரண்டியில் மாவைத் தேய்க்கிறபோது கை ஒரே அழுத்தமாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று குச்சியாகவும் ஒன்று பிசிராகவும் விழும். அன்றைக்கு விழுந்த சேவு மாதிரி அதற்கு முன்னும் பின்னும் எனக்கு விழுந்ததில்லை. பூண்டு, மிளகு, ஓமம் எல்லாம் கணக்காக இருந்தது. கருப்பட்டி மிட்டாய் ஒரு தூக்கு. பிறகு பருப்புப்பொடி. துவரம்பருப்பு, வற்றல், பூண்டு, பெருங்காயம், கல் உப்பு வறுத்து உரலில் இடித்தேன். சுக்குப்பொடி தனியாக.

பொடியை எதில் வைப்பது? பாட்டில் உடையும். தகர டப்பா அப்போது எங்கள் வீட்டில் ரெண்டுதான், ரெண்டிலும் எண்ணெய். தெருவில் எல்லாப் பொம்பிளைகளும் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்த நேரம். மருந்து தொடாத புதுக் குழாய் பன்னிரண்டு வாங்கி வந்தேன். வெடிக்கு அடைக்கிற பொடியை எங்கள் ஊரில் மருந்து என்றுதான் சொல்வோம். குழாய்க்குள் பொடியை இறுக்கி அடைத்து, ரெண்டு பக்கமும் காகிதம் வைத்துப் பசை தடவி, நூலால் கட்டினேன். எது பருப்பு, எது சுக்கு என்று அவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? பருப்புப்பொடிக் குழாய்க்குச் சிவப்புத் தாள், சுக்குக் குழாய்க்குப் பச்சைத் தாள் சுற்றினேன். அவிழ்க்கச் சுலபமாக இருக்கட்டும் என்று நூலை ஒரு விரல் நீளத்துக்குத் தொங்க விட்டேன்.

எல்லாவற்றையும் ஒரு பலகைப் பெட்டியில் வைத்தேன். எங்கள் வீட்டில் பெட்டி என்றாலே பட்டாசு அனுப்புகிற பெட்டிதான். அரிசி அதில்தான். பருத்திக்கொட்டை அதில்தான். கோழி அடைவைப்பதும், மகள் பிறந்தபோது அவளுடைய துணி வைத்ததும் அதில்தான். அதன் மேல் சிவப்பு மையில் ஆங்கிலத்தில் என்னவோ அடித்திருக்கும். ஒரு பக்கம் தீக்கொழுந்து, இன்னொரு பக்கம் மண்டை ஓடும் குறுக்கே ரெண்டு எலும்பும். பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். யார் அதை உற்றுப் பார்த்தது? கழுவி வெயிலில் காய வைத்தேன். கந்தக வாடை கொஞ்சம் இருந்திருக்கும். எங்கள் மூக்குக்கு அது வாடையே இல்லை.

பெட்டியின் மேல் புதுக் காடாத் துணி சுற்றி, கோணி ஊசியால் நெருக்கித் தைத்தேன். தையலைப் பார்த்து அத்தையே, பிள்ளைக்குச் சட்டை தைத்த மாதிரி இருக்கிறது என்றார். கொழுந்தன் தூத்துக்குடியில் கப்பல் கம்பெனியின் ஏஜெண்டு ஆபீசுக்குக் கொண்டு போனார். அங்கே இருந்த கணக்கப்பிள்ளை உள்ளே என்ன என்று கேட்டாராம். மதினி செய்த தீபாவளிப் பலகாரம் என்றாராம் இவர். தையல் அத்தனை அழகாக இருக்கவும் பிரிக்க மனசு வரவில்லை போல. அரக்கு வைத்து முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

தீபாவளி போனது. கார்த்திகை போனது. பதில் இல்லை.

மார்கழியில் ஒரு நாள் காலையில் வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். ஒடிந்துவிடுகிற மாதிரி மெலிவு, காதை மூடித் துண்டு. கடிதத்தில் சொன்ன கப்பல் சமையல்காரர் அவர்தான். காய்ச்சல் விடாமல் அடிக்கவும், சீக்காளிகளோடு சேர்த்து அவரை விட்டுவிட்டார்களாம். சொந்த ஊர் வேம்பார். ஊருக்குக்கூடப் போகாமல் நேரே வந்திருந்தார். கஞ்சி கொடுத்தேன். குடித்துவிட்டுக் கும்பாவைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"தாயி, ஒரு பொட்டி வந்துச்சு. அது நீங்க அனுப்புனதுதானா?" என்று கேட்டார்.

நான்தான், சேவு நன்றாக இருந்ததா என்று கேட்டேன்.

"யாரு தின்னா? துணியக் கிளிச்சாக. மண்டை ஓடு படம். மூடியத் தொறந்தாக. கலர் கலராக் குளாயி, திரியோட. பாத்தவுக அம்புட்டுப் பேரும் பத்தடி பின்னால போயிட்டாக. வெடிகுண்டு வெடிகுண்டுன்னு சொன்னாக. என்னையக் கீள தள்ளிக் கதவப் பூட்டிட்டாக. மேல ஒரே சத்தம். யாரு போட்டதுன்னு தெரியல. பெறகு கேப்டன் ஐயா அவுக ரூமுக்கு வரவே இல்ல. கப்பலோட அடிவயித்துல ஒரு அறை இருக்கு, வெளிச்சமே வராது, அங்கன போட்டுட்டாகன்னு சொன்னாக. நான் எறங்குற வரைக்கும் அவுகளப் பாக்கல தாயி."

அவர் போன பிறகு நான் அரிசி எடுக்க உள்ளே போனேன். பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. எட்டுப் பெட்டி, எட்டு மண்டை ஓடு. வாழ வந்து பதினோரு வருசத்தில் அன்றைக்குத்தான் அவை என்னைப் பார்த்தன. எதிரி கையில் மாட்டியும் வெளிச்சத்தில் நடந்துகொண்டிருந்த மனுசரை நான் இருட்டில் தள்ளிவிட்டேன். இனி விடுவார்களா, குண்டு வரவழைத்தவன் என்று சுட்டுவிடுவார்களா? கைப்பிடி அரிசியோடு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

அத்தையிடம் சொன்னேன். "அதுல என்ன? நாம அரிசி வைக்கலையா?" என்றார். அவருக்கு எவ்வளவு சொன்னாலும் விளங்கவில்லை. கொழுந்தனுக்குச் சொல்லவே வேண்டாம், வெடித் தொழில் பார்க்கிறவர். முகம் செத்துப் போனது. நான் மதினி செய்ததென்று சொல்லிக் கொடுத்தேனே, நானாவது பார்த்திருக்க வேண்டாமா என்று அவர் தலையில் அவரே அடித்துக்கொண்டார்.

அன்றைக்கே எட்டுப் பெட்டியையும் வெளியே தூக்கிப் போட்டேன். அரிசியைச் சாக்கில் கட்டி மூலையில் சாத்தினேன். ஊருக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்? கிணற்றடியில் ஒருத்தி, உறவுக்காரிதான், எனக்குக் கேட்கிற மாதிரி, புருசனுக்கே வெடி அனுப்பியவள் என்றாள். நான் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"எம்புருசன் கடல்ல இருக்காக, அனுப்புனேன். ஒம்புருசன் வீட்டுலயே கெடக்காரு, ஒனக்கு அந்தச் செரமமும் இல்ல."

வாயை அடைத்துவிட்டேன்.

மறுநாள் கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு நானே தூத்துக்குடிக்குப் போனேன். அதுவரைக்கும் நான் கடலைப் பார்த்ததில்லை. கேப்டன் பெண்டாட்டி கடலைப் பார்த்ததில்லை என்றால் சிரிப்பீர்கள். அன்றைக்கும் சரியாகப் பார்க்கவில்லை. சந்தின் முனையில் நீலமாக ஒரு கோடு தெரிந்தது, அவ்வளவுதான். ஏஜெண்டு ஆபீசில் அதே கணக்கப்பிள்ளை இருந்தார். விசயத்தைச் சொன்னதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பத் துடைத்தார். பிரிக்காமல் முத்திரை குத்தியது அவர்தானே. தலைமை ஆபீசுக்கு எழுதுவோம், அவர்கள் டில்லிக்கு எழுதுவார்கள் என்றார்.

டில்லிக்கு என்ன தெரியும் பருப்புப்பொடியைப் பற்றி? அந்தப் போர்க்கப்பலின் அதிகாரிக்கு நானே எழுதுகிறேன், நான் சொல்லச் சொல்ல நீங்கள் ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்றேன். அப்படி ஒரு வழக்கம் இல்லையே அம்மா என்றார். கைதிக்குப் பெண்டாட்டி எழுதலாம் என்று இருக்கிறதல்லவா, அதே வழியில் இதுவும் போகட்டும் என்றேன். மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

நான் சொன்னது இதுதான். நான் கேப்டனுடைய பெண்சாதி. எங்கள் ஊரில் பட்டாசு செய்கிறார்கள், அதனால் வீட்டில் இருக்கிற பெட்டி எல்லாம் பட்டாசுப் பெட்டி. அரிசியும் அதில்தான் வைப்போம். அந்தப் படத்தை நாங்கள் யாரும் பார்ப்பதில்லை, அது எங்கள் தப்பு. அவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. சிவப்புக் குழாயில் இருப்பது பருப்புப்பொடி, இன்னின்ன சாமான் போட்டு இடித்தது. சுடுசோற்றில் போட்டு நல்லெண்ணெய் விட்டுப் பிசைய வேண்டும். பச்சையில் இருப்பது சுக்கு, அவருக்கு வெளிச்சாப்பாடு வயிற்றுக்குச் சேராது. தொங்குவது திரி இல்லை, கட்டின நூல். சந்தேகம் இருந்தால் ஒரு குழாயை நெருப்பில் போட்டுப் பாருங்கள், வாசம்தான் வரும்.

எழுதி முடித்ததும் தமிழில் திருப்பி வாசிக்கச் சொன்னேன். கணக்கப்பிள்ளை தயங்கித் தயங்கி வாசித்தார். கடைசியில் அவராகவே ஒரு வரி சேர்த்திருந்தார், தங்கள் பாதங்களில் விழுந்து கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன் என்று.

"அத அடிங்க" என்றேன்.

"அம்மா, அதிகாரிக்கு எளுதுறப்ப இப்படித்தான் எளுதணும்."

"நான் கெஞ்சல. வெவரம் சொல்லுதேன். எம்வீட்டுக்காரக எம்புட்டு மரியாதையா அவுக கப்பல்ல இருப்பாகளோ, அம்புட்டு மரியாதையா அந்தக் கடுதாசியும் இருக்கணும்."

கொழுந்தன் என் முழங்கையைத் தொட்டார். நான் அசையவில்லை. கணக்கப்பிள்ளை அந்த வரியை அடித்துவிட்டு வேறு தாளில் பிரதி எடுத்தார். கைநாட்டுக்கு மையும் எடுத்து வைத்தார். மையைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனாவை வாங்கி என் பெயரைத் தமிழில் முழுசாக எழுதினேன். கொஞ்ச நேரம் ஆனது.

பிறகு காத்திருந்ததை எப்படி எழுதுவது? பருத்தி எடுக்கப் போனேன், மகளுக்குத் தலை பின்னினேன், அத்தைக்கு வெந்நீர் வைத்தேன். வெளிச்சமே வராத அறை என்று அந்த ஆள் சொன்னது மட்டும் கூடவே வந்தது. வெயிலில் நிற்கிறபோதெல்லாம், இதைத்தானே அவருக்கு இல்லாமல் செய்தோம் என்று தோன்றும். குதிர் அறைச் சுவர்ப் பக்கம் நான் போகவே இல்லை. தை பிறந்தது. ரெண்டு நாடும் சமாதானம் பேசியிருக்கிறார்கள், கைதிகளை விடப் போகிறார்கள் என்று ரேடியோவில் சொன்னதாகக் கொழுந்தன் ஓடி வந்து சொன்னார். எல்லாரையுமா, குண்டு அனுப்பப்பட்டவரையும் சேர்த்தா என்று கேட்க நினைத்தேன்.

மாசி முதல் வாரத்தில் வந்துவிட்டார். விருதுநகரில் ரயிலை விட்டு இறங்கி, வாடகைக் கார் வைத்துக் கொழுந்தன் கூட்டி வந்தார். வெடி ஊர் வேறெப்படி வரவேற்கும்? ஊர் எல்லையிலிருந்து வாசல் வரைக்கும் சரம் சரமாகக் கொளுத்திவிட்டார்கள். புகைக்குள்ளிருந்து அவர் வந்தார். தோள் எலும்பு சட்டைக்கு மேல் தெரிந்தது. நிறம் வெளிறிப் போயிருந்தது, வெயில் படாத வாழைக்குருத்து மாதிரி. கடலில் கிடந்து கறுத்துத்தான் எப்போதும் வருவார். அந்த வெளுப்பைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, சமையல்காரர் சொன்னது அத்தனையும் மெய் என்று.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்று நாள் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். கேட்டவர்களுக்கெல்லாம், மரியாதையாகத்தான் வைத்திருந்தார்கள் என்றார். என் முகத்தைப் பார்த்தால் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு முள்ளாக இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நாலாம் நாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அத்தை காட்டுக்குப் போயிருந்தார். மூலையில் ஒரு எலி சாக்கைக் கிழித்துக்கொண்டு ஓடியது.

"அரிசிய ஏன் சாக்குல வச்சிருக்க? பொட்டியெல்லாம் எங்க?" என்று கேட்டார்.

"வெளிய போட்டுட்டேன்."

"எதுக்கு?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "என்னால தான ஒங்கள இருட்டுல போட்டாக" என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். யார் சொன்னது என்று கேட்டார். சொன்னேன். சமையல்காரருக்குப் பாதிதான் தெரியும் என்றார். பிறகு மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னார்.

பெட்டியைப் பார்த்து அவர்கள் பயந்தது மெய். அதற்காக அவரை யாரும் ஒன்றும் செய்யவில்லை. இது என் பெண்டாட்டி செய்த பலகாரம், நானே எல்லாவற்றையும் பிரித்து உங்கள் முன்னால் தின்று காட்டுகிறேன் என்று கேட்டிருக்கிறார். ஒரு இளவட்ட அதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டியில் கயிறு கட்டிக் கப்பலுக்கு வெளியே கடலில் இறக்கி ஊற வைத்தானாம். சந்தேகமான சாமானை அப்படித்தான் செய்வார்களாம். ஒரு மணி நேரம் இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். குழாயெல்லாம் பிரிந்து, கடல் தண்ணீர் சிவப்பாகக் கலங்கியதாம். போதும், மிச்சத்தையாவது மேலே தூக்குங்கள் என்றிருக்கிறார். அவன் கயிற்றை அறுத்துவிட்டான்.

"எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. அவன் சட்டையப் புடிச்சிட்டேன். நாலு பேரு சேந்துதான் பிரிச்சாக. அதுக்குத்தான் கீள போட்டாக. ஒன் பொட்டிக்கு இல்ல. நான் சண்ட போட்டதுக்கு."

சமையல்காரர் கேட்ட சத்தம் இவர் போட்டதுதான். இவர் சத்தம் போட்டு நான் அதுவரை கேட்டதே இல்லை. வேலையாளைக்கூட ஒருமையில் அதட்ட மாட்டார்.

"ஒங்க கப்பலப் புடிச்சப்ப?" என்றேன்.

"அப்பச் சத்தம் போடல. முப்பத்தெட்டுப் பேரு உசிரு. சாவியக் கையில எடுத்துக் குடுத்துட்டு நின்னேன்." சோற்றை விரலால் ஒதுக்கினார். "சேவுக்குத்தான் புள்ள சத்தம் போட்டேன்."

என்ன சொல்லித் திட்டினீர்கள் என்று கேட்டேன். தமிழில்தான், நம் ஊர்ப் பேச்சில்தான் என்றார். என்ன வார்த்தை என்று கடைசி வரைக்கும் சொல்லவில்லை. காது லேசாகச் சிவந்தது.

கீழே ஐம்பது நாளுக்கு மேல் இருந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டால் மேலே விடுகிறோம் என்றார்களாம். கேட்க மாட்டேன் என்றாராம். பிறகு ஒரு நாள் போர்க்கப்பலின் பெரிய அதிகாரி கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். அவர் மேசை மேல் ஒரு கடிதம். அடியில் தமிழில் என் பெயர். பெரிய அதிகாரி அதைச் சத்தமாக வாசித்திருக்கிறார். நெருப்பில் போட்டால் வாசம்தான் வரும் என்ற இடத்தில் நிறுத்தி, அந்த இளவட்டத்தைக் கூப்பிட்டு, நின்று கேள் என்று முதலிலிருந்து திரும்ப வாசித்தாராம். அன்றைக்குச் சாயந்தரமே இவரை மேல்தட்டில் நடக்க விட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டு அம்மாவிடம் எங்கள் வருத்தத்தைச் சொல்லுங்கள் என்று பெரிய அதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார்.

"நீ கெஞ்சி ஒரு வரி எளுதலையே" என்றார் அவர். "அத வாசிக்கையில எனக்கு முதுகு நிமிந்துருச்சு."

என்னைப் பாராட்டுகிறார் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அப்போது என் புத்தி வேறெங்கோ இருந்தது.

"ஒரு சேவாவது வாயில போட்டீகளா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல."

ஐந்து மாதம் அழாதவள் அப்போது அழுதேன். அவர் என் கையைப் பிடித்தார். பிடித்த கையை உதறிவிட்டு எழுந்தேன். ரெண்டு படி மாவு. அந்த மாதிரி ஒரு தடவை விழுந்த சேவை மீனுக்குப் போட்டுவிட்டானே! என்னைக் குண்டு அனுப்பியவள் என்று அவன் நினைத்ததைக்கூட மன்னித்துவிட்டேன். அதை மட்டும் இன்றைக்கு வரைக்கும் மன்னிக்கவில்லை.

உச்சி வெயிலில் அடுப்பு மூட்டினேன். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து பூண்டு உரிக்க உட்கார்ந்தார். கப்பலை நடத்துகிற கைக்குப் பூண்டு உரிக்க வரவில்லை, தோலோடு பாதிப் பூண்டும் போனது. அத்தை காட்டிலிருந்து வந்து, மாசி மாதத்தில் என்ன எண்ணெய்ச் சட்டி என்று கேட்டார். தீபாவளி ஆத்தா என்றார் அவர். அத்தை கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கை அவசரத்தில் இருந்ததால் அன்றைக்குச் சேவு ஒரு பதம் கூடிக் கொஞ்சம் கருகிவிட்டது. சூட்டோடு ஒரு கும்பா நிறையத் தின்றார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றார். அந்த மனுசர் வேறென்ன சொல்வார்.